பிறப்பு, பட்டம், பயிற்சி: அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் தகுதியின் வரலாறு

வேற்று நாட்டுக்குச் சென்று ஆங்கிலம் கற்பிக்க விரும்புபவரிடம் இன்று மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்? பட்டம் பெற்றிருக்கிறாரா? கற்பிக்கப் பயிற்சி எடுத்திருக்கிறாரா? இந்த மூன்று தகுதிகளும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளில் உருவாயின. முதலாவதான பிறப்புத் தகுதியைத் தனியார் மொழிப்பள்ளிகள் வளர்த்தன. இரண்டாவதை அரசுகள் தங்கள் விசா விதிகளில் எழுதிவைத்தன. மூன்றாவது வகுப்பறைத் தேவையிலிருந்து பிறந்தது. மாணவருக்கு நேரடியாகப் பயன்படுவது மூன்றாவதுதான்; ஆனால் பல நாடுகளின் சட்டத்தில் அது இன்றும் கடைசி இடத்திலேயே இருக்கிறது.

தாய்மொழியே தகுதியான காலம்

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மாக்ஸிமிலியன் பெர்லிட்ஸ், 1878இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் ஒரு மொழிப்பள்ளி தொடங்கினார். அங்கே மாணவரின் மொழியில் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்பது விதி. பொருளைக் காட்டியும், செய்துகாட்டியும், கேள்வி கேட்டுப் பதில் வாங்கியும் பாடம் நடக்கும். மொழிபெயர்ப்புக்கு இடமில்லாததால் ஆசிரியர் உள்ளூர் மொழியை அறிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. கற்பிக்கும் மொழி அவருடைய தாய்மொழியாக இருந்தால் போதும் என்ற நிலை வந்தது. பாடங்கள் புத்தகத்தில் வரிசையாக வகுக்கப்பட்டிருந்ததால் புதியவர் ஒருவரைச் சில நாட்களில் பழக்கி வகுப்புக்கு அனுப்பிவிடலாம். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பெர்லிட்ஸ் பள்ளிகள் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் பரவியிருந்தன.

அந்தப் பள்ளிகளில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1902இல் பி.ஏ. முடித்தவர், 1904இல் வேலை உண்டு என்ற ஒரு முகவரின் வாக்கை நம்பித் தன் துணைவி நோரா பார்னகிளுடன் சூரிக் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த பெர்லிட்ஸ் பள்ளிக்கு இப்படியொரு நியமனம் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை. அங்கிருந்து டிரியெஸ்ட் நகருக்கும், பிறகு ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படைத் தளமான போலாவுக்கும் அனுப்பப்பட்டார். போலாவில் கடற்படை அதிகாரிகளுக்கு ஆங்கிலம் கற்பித்தார்; 1905இல் டிரியெஸ்ட் பள்ளிக்கு மாற்றப்பட்டார். இந்த அலைச்சலில் எந்த இடத்திலும் அவரிடம் ஆசிரியர் பயிற்சிச் சான்று கேட்கப்படவில்லை. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் என்பதே அவருக்கு வேலை வாங்கித் தந்தது.

1913ஆம் ஆண்டுத் தேர்வு

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆசிரியர்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அவர்கள் தங்கள் தேர்ச்சியைக் காகிதத்தில் காட்ட வேண்டியிருந்தது. அதற்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு 1913இல் ஆங்கிலப் புலமைச் சான்றிதழ்த் தேர்வை உருவாக்கியது. தங்கள் நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் வெளிநாட்டு மாணவர்களுக்காகவே இந்தத் தேர்வு வகுக்கப்பட்டது.

தேர்வு மொத்தம் 12 மணி நேரம். பிரெஞ்சு அல்லது ஜெர்மனுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே இருவழி மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, ஆங்கில இலக்கியம், ஒலியியல் ஆகியவை எழுத்துத் தேர்வுகள். சொல்வதைக் கேட்டெழுதுதல், வாசித்தல், உரையாடல் ஆகியவை வாய்மொழித் தேர்வு. இலக்கியத்துக்கு மட்டும் மூன்று மணி நேரம். ஆங்கிலச் சொற்களை ஒலிக்குறிகளில் பெயர்த்தெழுதும் ஒலியியல் தாள் ஒன்றரை மணி நேரம். முதல் ஆண்டில் மூன்று பேர் எழுதினார்கள், மூவரும் தேறவில்லை. ஒலியியல் தாள் 1930களில் கைவிடப்பட்டது. இவ்வளவு கடினமான தேர்விலும் வகுப்பு நடத்திக் காட்டும் பகுதி கிடையாது. மொழியை அறிந்தவர் அதைக் கற்பிக்கவும் அறிவார் என்று தேர்வு வகுத்தவர்கள் எண்ணினர். பெர்லிட்ஸ் பள்ளிகளின் எண்ணமும் அதுவே.

அரசுகள் அனுப்பிய ஆசிரியர்கள்

இதே காலத்தில் ஆங்கிலம் பேரரசுகளின் வழியாகவும் பரவியது. 1898இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைக் கைப்பற்றிய அமெரிக்கா, அங்கே ஆங்கிலவழிப் பொதுப்பள்ளிகளைத் தொடங்கியது. அதற்காக 1901 ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்ற ராணுவக் கப்பலில் சுமார் 500 ஆசிரியர்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள். கப்பலின் பெயராலேயே அவர்கள் ‘தாமஸைட்’ எனப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்லூரியிலோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலோ படித்தவர்கள். எனினும் ஆங்கிலமே கேட்டறியாத குழந்தைக்கு அதை எப்படிக் கற்பிப்பது என்பதை அவர்கள் அங்கே போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்த ‘எப்படி’யை ஒரு தனித்துறையாக வளர்த்தவர்களில் ஹெரால்ட் பாமர் முன்னோடி. பெல்ஜியத்தின் வெர்வியெ நகரில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவர், முதல் உலகப் போர் வெடித்ததும் இங்கிலாந்து திரும்பினார்; லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் விரிவுரை நிகழ்த்தினார். 1922இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் மொழி ஆலோசகராக டோக்கியோ சென்று, மறு ஆண்டே ஆங்கிலம் கற்பித்தல் ஆய்வுக்கென ஒரு நிறுவனத்தை அங்கே அமைத்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத பாமருக்கு டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகம் 1935இல் இலக்கிய முனைவர் பட்டம் அளித்தது. இன்றைய ஜப்பானிய விசா விதிகளின்படி பார்த்தால், வேலைக்குச் செல்லும்போதே கையில் இருக்க வேண்டிய பட்டம் அவருக்கு வேலையை முடிக்கும் தறுவாயில் கிடைத்தது.

ஆங்கிலத்தையும் பிரிட்டிஷ் பண்பாட்டையும் வெளிநாடுகளில் பரப்பும் பிரிட்டிஷ் கவுன்சில் 1934இல் தொடங்கப்பட்டது. 1946இல் அதன் சார்பில் ஏ. எஸ். ஹார்ன்பி ஆங்கிலம் கற்பித்தலுக்கான ஓர் இதழை நிறுவினார். விடுதலை பெற்ற நாடுகளில் வெளியிலிருந்து ஆசிரியர்களை அனுப்புவதைவிட உள்ளூர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது பயனுள்ளது என்ற எண்ணமும் வலுத்தது. அதன் பெரிய சோதனைக்களம் சென்னை மாகாணம். 1950களில் இங்கே வாக்கிய அமைப்புகளை அடிப்படையாகக் கொண்ட ஆங்கிலப் பாடத்திட்டம் வந்தது. அதைக் கற்பிக்க 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிப்பது இலக்கு. ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி தந்து, அவர்கள் அடுத்த குழுவுக்கும், அக்குழு அதற்கடுத்த குழுவுக்கும் பயிற்சி தரும் முறை வகுக்கப்பட்டது. ஆங்கிலம் கற்பித்தல் துறையில் இதைச் ‘சென்னைப் பனிப்பந்து’ என்ற பெயரால் இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

இரண்டு வாரப் பயிற்சி

மறுபுறம், இளைஞர்களைத் தொண்டர்களாக அனுப்பும் திட்டங்கள் பெருகின. பிரிட்டனின் வி.எஸ்.ஓ. என்ற தொண்டர் அமைப்பு 1958இல் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களைக் கொண்டு தொடங்கியது. 1961இல் அமெரிக்க அமைதிப் படையின் முதல் குழு ஆசிரியப் பணிக்காகக் கானா நாட்டுக்குச் சென்றது. தனியார் பள்ளிகளும் ஆசிரியர்களைத் தேடிக்கொண்டிருந்தன. ஆள் இருந்தது, வேலை இருந்தது. குறுகிய காலத்தில் கற்பிக்கப் பழக்கும் பயிற்சிதான் இல்லை.

அந்தக் குறையை நிரப்பியவர்கள் ஜான் ஹேகிராஃப்ட், பிரிட்டா ஹேகிராஃப்ட் தம்பதியர். 1953இல் ஸ்பெயினின் கோர்டோபா நகரில் மொழிப்பள்ளி தொடங்கிய அவர்கள், பிறகு லண்டனில் இன்டர்நேஷனல் ஹவுஸ் பள்ளியை நடத்தினார்கள். தங்கள் பள்ளிகளுக்கு ஆசிரியர் தேவைப்பட்டதால் 1962இல் இரண்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார்கள். கோட்பாட்டு விரிவுரைகள் குறைவு. பயிற்சிக்கு வந்தவர் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். பிறர் பார்த்துக் குறை நிறை சொல்வார்கள். பின்னர் இது நான்கு வாரமாக நீண்டது. ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் 1967இல் அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கென ஒரு சான்றிதழை ஏற்படுத்தியிருந்தது. 1978இல், ஹேகிராஃப்ட் பயிற்சியை அடியொற்றித் தொடக்கநிலையினருக்கும் ஒரு சான்றிதழை ஏற்படுத்தியது. 1988இல் அந்தப் பொறுப்பு கேம்பிரிட்ஜ் தேர்வுக் குழுவிடம் சென்றது. 1996இல் சான்றிதழுக்குச் ‘செல்டா’ என்ற இன்றைய பெயர் கிடைத்தது. 1913இல் மொழியறிவை மட்டும் சோதித்த அதே அமைப்பு, இப்போது வகுப்பறைத் திறனுக்கும் சான்று தரத் தொடங்கியது.

ஆறு மணி நேர வகுப்பு

செல்டா பயிற்சியில் குறைந்தது 120 மணி நேர வகுப்பும், நான்கு எழுத்துப் பணிகளும், அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பை ஆறு மணி நேரம் கவனித்தலும் உண்டு. பயிற்சியின் உயிர்நாடி, மதிப்பெண்ணுக்குரிய ஆறு மணி நேரக் கற்பித்தல். பயிற்சி பெறுபவர் தாம் நடத்தும் பாடத்துக்கான திட்டத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் முக்கால் மணி நேரம் போலப் பாடம் நடத்த, குழுவின் மற்றவர்கள் ஓரமாக அமர்ந்து குறிப்பெடுப்பார்கள். பயிற்றுநரும் பின்னால் இருந்து எழுதுவார். மாணவர்கள் போனபின் எல்லோரும் கூடி அந்தப் பாடத்தை அலசுவார்கள்.

அங்கே எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று: ‘புரிகிறதா?’ என்று மாணவரைக் கேட்பது அங்கே குறையாகக் கருதப்படும். புரியாதவரும் தலையாட்டிவிடுவார். ‘ஹி யூஸ்ட் டு ஸ்மோக்’ என்ற வாக்கியத்தைக் கற்பித்தால், ‘அவர் முன்பு புகைபிடித்தாரா? ஒரு முறையா, பல முறையா? இப்போது பிடிக்கிறாரா?’ என்று சிறுசிறு கேள்விகள் கேட்டு, பொருள் மனத்தில் பதிந்ததா என்பதை மாணவரின் பதிலிலிருந்தே அறிய வேண்டும். ஆசிரியர் பேசும் நேரத்தைக் குறைத்து மாணவர் பேசும் நேரத்தைக் கூட்டுவதும் மதிப்பிடப்படும்.

டிரினிட்டி காலேஜ் லண்டன் வழங்கும் சான்றிதழும் இதற்கு இணையானது. அதிலும் ஆறு மணி நேரக் கற்பித்தல் உண்டு. பயிற்சி பெறுபவர்கள் தங்களுக்குத் தெரியாத ஒரு மொழியைச் சில வகுப்புகளில் கற்று, மாணவராக இருப்பதன் தவிப்பை அனுபவித்து எழுதுவது அதன் தனிச் சிறப்பு. இரண்டும் பிரிட்டனின் தகுதி வரிசையில் ஐந்தாம் நிலையில் வைக்கப்பட்டுள்ளன. ஆனால் ‘டெஃப்ல்’ (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தல்) சான்றிதழ் என்பது யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுப்பெயர். 120 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் பல இணையவழிப் படிப்புகளில் ஒரு மாணவர் முன்னாலும் நிற்க வேண்டியதில்லை.

விசா விதிகள்

ஜப்பான் 1987இல், வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிகளில் மொழி கற்பிக்க அழைக்கும் ‘ஜெட்’ திட்டத்தைத் தொடங்கி, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேரை அழைத்தது. இளங்கலைப் பட்டம் கட்டாயம். அது எந்தத் துறையிலும் இருக்கலாம். கற்பித்தல் பயிற்சி கட்டாயமில்லை. 1995இல் தென் கொரியாவும் அரசுப் பள்ளிகளுக்காக ‘எபிக்’ திட்டத்தைத் தொடங்கியது. அந்நாட்டின் இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கு உரியது. பட்டச் சான்றிதழோடு குற்றப்பின்னணி இல்லை என்ற காவல்துறைச் சான்றும் வேண்டும். இரண்டுக்கும் ஆவணத்தின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். சீனாவில் பட்டத்துடன் இரண்டாண்டு அனுபவமோ கற்பித்தல் சான்றிதழோ கேட்கப்படுகிறது, குடியுரிமையும் பார்க்கப்படுகிறது. ஒரு குடிவரவு அதிகாரியால் பட்டத்தையும் கடவுச்சீட்டையும் மேசையிலேயே சரிபார்த்துவிட முடியும். வகுப்பறைத் திறனை அப்படிச் சரிபார்க்க இயலாது. சட்டம் முதல் இரண்டு தகுதிகளைப் பிடித்துக்கொண்டதற்கு இது முக்கியக் காரணம்.

பிறப்புத் தகுதிக்கு எதிர்ப்பு

ஆங்கிலம் ஆட்சிமொழியாகவும் கல்விமொழியாகவும் உள்ள இந்தியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா போன்ற நாடுகளின் பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் குடியுரிமை பார்க்கும் விசா விதிகள் வெளியே நிறுத்துகின்றன. இதற்கு எதிரான குரல் துறைக்குள்ளிருந்தே எழுந்தது. மொழியியல் அறிஞர் ராபர்ட் பிலிப்சன் 1992இல் வெளியிட்ட ‘லிங்விஸ்டிக் இம்பீரியலிசம்’ நூலில், தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்ற கருத்து ஆதாரமற்றது என வாதிட்டார். ஹங்கேரியரான பீட்டர் மெட்ஜெஸ் 1994இல், ஆங்கிலத்தை இன்னொரு மொழியாகக் கற்றவர்களின் வலிமைகளை எடுத்துச் சொன்னார். மாணவர் எங்கே இடறுவார் என்பது அந்தப் பாதையில் நடந்து வந்த ஆசிரியருக்குத் தெரியும். 1966இல் தொடங்கிய ‘டெசால்’ என்ற ஆசிரியர் அமைப்பு, தாய்மொழியை வைத்து வேலை மறுப்பதைக் கண்டித்து 2006இல் அறிக்கை வெளியிட்டது.

விதிகளில் சிறு வாசல்கள் திறந்துள்ளன. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தம், பட்டமும் ஆசிரியர் உரிமமும் உள்ள இந்தியர்கள் கொரியப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியர்களாகப் பணியாற்ற வழி செய்தது. வளைகுடா நாடுகளின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பாடத்தில் பட்டமும் பி.எட்.டும் கேட்கின்றன. பல்கலைக்கழகப் பணிகளுக்கு முதுகலைப் பட்டம் தேவைப்படுகிறது. தரமான தனியார் பள்ளிகள் செல்டா அல்லது டிரினிட்டி சான்றிதழை எதிர்பார்க்கின்றன. இந்த இடங்களில் விண்ணப்பதாரர் பெற்ற பயிற்சிக்கு மதிப்பு இருக்கிறது. ஏழு நாட்டுப் பட்டியல்கள் நீடிக்கும் இடங்களில், நன்கு பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரைப் பெறும் வாய்ப்பை அந்நாட்டு மாணவர்களே இழக்கிறார்கள்.