பாம்புச் சிற்றுண்ணி

பாம்புச் சிற்றுண்ணி, பாம்புகளின் செதில் இடுக்கில் தங்கி இரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணி. முழு வளர்ச்சி பெற்ற பெண் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அடைத்து வளர்க்கப்படும் பாம்புகளை உலகெங்கும் தாக்கும் புற ஒட்டுண்ணிகளில் இதுவே முதன்மையானது. பல்லி இனங்களையும் பிடிக்கும், ஆமைகளில் அரிது. இதன் அறிவியல் பெயர் ஒஃபியோனிசஸ் நாட்ரிசிஸ். பிரெஞ்சு விலங்கியலாளர் பால் ஜெர்வே 1844இல் இதை விவரித்தார். ஆப்பிரிக்காவே தாயகம் என்று கருதப்படுகிறது. விலங்கு வணிகத்தோடு மற்றக் கண்டங்களுக்கும் பரவியது. வளர்ப்போர் பேச்சில் இது வெறும் ‘பேன்’. ஆனால் பேன் ஆறு கால் பூச்சி. இது எட்டுக் கால் கொண்ட சிலந்தி வகுப்பைச் சேர்ந்தது.

இதை ஒழிக்க முயல்வோர் பெரும்பாலும் பாம்பின் உடலுக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சிற்றுண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாம்பு வளர்க்கும் பெட்டியின் மூலை முடுக்கில்தான் கழிக்கிறது. ஆகவே பாம்பைவிட அதன் இருப்பிடத்துக்கே முதல் வைத்தியம் தேவை.

வாழ்க்கைச் சுழற்சி

அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் காமின் 1953இல் வெளியிட்ட ஆய்வு இந்த உயிரியின் வாழ்க்கையைப் படிப்படியாக விளக்கியது. முட்டை, ஆறு கால் குஞ்சு, முதல் இளம்பருவம், இரண்டாம் இளம்பருவம், முதிர்பருவம் என ஐந்து நிலைகள். இவற்றில் முதல் இளம்பருவமும் முதிர்பருவமும் மட்டுமே இரத்தம் குடிப்பவை. மற்ற நிலைகளுக்குப் பாம்பின் தேவையே இல்லை.

இரத்தம் குடித்த பெண் பாம்பை விட்டு இறங்கி, ஈரமும் இருளும் உள்ள விரிசலைத் தேடி முட்டையிடும். ஒரு பெண் சுமார் 40 நாள் உயிர் வாழும். அதற்குள் 60 முதல் 80 முட்டை வரை இடும். ஆணுடன் சேராத பெண்ணின் முட்டையும் பொரிக்கும். அவற்றில் ஆண்களே பிறக்கும். எனவே ஒரே ஒரு பெண் தப்பினாலும் புதிய கூட்டம் உருவாக வழி உண்டு. முட்டை முதிர்பருவத்தை எட்ட 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். முதல் இளம்பருவத்தினால் இரத்தமின்றியும் இரண்டு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியும். பெட்டியை ஒரு வாரம் காலியாக வைத்தால் போதும் என்ற எண்ணம் இதனால்தான் பலிப்பதில்லை.

25 முதல் 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காட்டுக்கு மேற்பட்ட காற்று ஈரப்பதமும் இதற்கு உகந்தவை. முத்துக்குளித்துறைக் கரையில் உள்ள மணப்பாடு போன்ற ஊர்களில் கடற்காற்றின் ஈரமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையும் இந்தச் சூழலுக்கு நெருங்கி வருகின்றன. குளிர்நாட்டில் வெப்ப விளக்கு உலர்த்திவிடும் முட்டை, கடலோர வீட்டின் மூடிய பெட்டியில் எளிதாகப் பொரிக்கும்.

அறிகுறிகள்

பாம்பு வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர்த் தொட்டியில் மணிக்கணக்கில் சுருண்டு கிடப்பதே பெரும்பாலும் முதல் அறிகுறி. தொட்டியின் அடியில் மிளகுத்தூள் தூவினாற்போலக் கரும்புள்ளிகள் கிடந்தால், அவை மூழ்கி இறந்த சிற்றுண்ணிகள். செதில்மேல் வெண்துகள்கள் தெரியலாம். அவை ஒட்டுண்ணியின் கழிவு. கண்ணைச் சுற்றிய விளிம்பு வீங்கியிருக்கும். தாடையின் அடியில் நடுவே ஓடும் பள்ளத்திலும், கழிவுத்துளை ஓரத்திலும், நிமிர்ந்து நிற்கும் செதில்களின் அடியிலும் இவை கூட்டமாக ஒளிந்திருக்கும். இரத்தம் குடிக்காதவை வெளிர்மஞ்சள், குடித்தவை கருஞ்சிவப்பு.

ஐயம் இருந்தால், ஈரமான வெள்ளைத் துணியால் பாம்பைக் கழுத்தில் இருந்து வால் வரை மெதுவாகத் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் கரும்புள்ளி ஒட்டி, அது நகர்ந்தால் உறுதி. நசுக்கினால் இரத்தக்கறை படியும்.

விளைவுகள்

எண்ணிக்கை பெருகினால் இரத்தசோகை வரும். குட்டிகள் இறக்கவும் கூடும். பாம்பு இரை எடுக்காது, சட்டையை முழுதாக உரிக்காது. கண்ணை மூடிய கண்ணாடிச் செதிலின் மேல் பழைய தோல் தங்கிவிடுவதும் உண்டு. ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் இரத்த நஞ்சேற்றத்தை இந்தச் சிற்றுண்ணி ஒரு பாம்பில் இருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் என்பதைக் காமின் 1948இலேயே சோதனை மூலம் காட்டினார். மனிதரைக் கடித்தால் அரிப்பும் சிவந்த தடிப்பும் தோன்றும். மனித உடலில் இது நிலைத்து வாழாது.

ஒழிக்கும் முறை

முதலில் நோயுற்ற பாம்பைத் தனியறைக்கு மாற்ற வேண்டும். மரத்தூள், தேங்காய் நார், மணல் எதுவாக இருந்தாலும், பெட்டியில் விரித்ததை முழுவதும் வாரி, பையில் கட்டி வெளியேற்ற வேண்டும். மரக்கட்டை, மரப்பட்டை போன்ற துளையுள்ள பொருட்களைக் கழித்துவிடுவதே நல்லது. வைத்துக்கொள்ள வேண்டுமானால் கொதிநீரில் நெடுநேரம் ஊறவைக்க வேண்டும். பெட்டியைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்து, மூலைகளையும் கதவுத் தடங்களையும் பழைய பல்துலக்கியால் கிளறிக் கழுவ வேண்டும். பிறகு காலிப் பெட்டியை உச்சி வெயிலில் காயவைக்கலாம். 50 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தையும் கடும் வறட்சியையும் சிற்றுண்ணி தாங்காது. பாம்பை ஒருபோதும் வெயிலில் வைக்கக் கூடாது. சில நிமிடங்களில் உயிர் போகும்.

அடுத்தது பாம்பின் உடல். வெதுவெதுப்பான நீரில், தலை வெளியே இருக்கும் அளவுக்கு, கண்காணிப்போடு அரை மணி நேரம் ஊறவிட்டால் பல சிற்றுண்ணிகள் மூழ்கி இறக்கும். எஞ்சியவை தலையை நோக்கி ஏறும். அவற்றைச் சமையல் எண்ணெய் தொட்ட பஞ்சால் கண் ஓரத்திலும் தாடைப் பள்ளத்திலும் ஒற்றி எடுக்கலாம். நச்சுப்பாம்பானால் இந்த வேலை பயிற்சி பெற்றவர்களுடையது மட்டுமே.

கழுவிய பெட்டியில் வெள்ளைத் தாளை விரித்து, நாள்தோறும் மாற்றிவர வேண்டும். கரும்புள்ளி விழுந்தால் உடனே தெரியும். பெண்ணின் ஆயுள் சுமார் 40 நாள் என்பதால், இந்தச் சுத்தமும் கண்காணிப்பும் குறைந்தது ஆறு வாரம் நீடிக்க வேண்டும். ‘இனி ஒன்றும் தெரியவில்லை’ என்று இரண்டாம் வாரத்தில் விட்டவர் வீட்டில்தான் மூன்றாம் வாரம் மறுபடி தலைகாட்டும்.

மருந்துகள்

கால்நடை மருத்துவர் எடைக்கேற்ப அளவிட்டுத் தரும் ஐவர்மெக்டின், துணியில் நனைத்துத் துடைக்கும் ஃபிப்ரோனில், சில நாடுகளில் ஊர்வனவற்றின் பெட்டிக்கென்றே விற்கப்படும் பெர்மெத்ரின் ஆகியவை வழக்கில் உள்ளன. சிற்றுண்ணியை வேட்டையாடும் வேறு சிற்றுண்ணிகளைப் பெட்டியில் விடும் உயிரியல் முறையும் ஐரோப்பாவில் கையாளப்படுகிறது.

ஐவர்மெக்டினை ஆமைக்குக் கொடுக்கவே கூடாது. அது ஆமையின் நரம்பு மண்டலத்தை முடக்கிக் கொல்லும் என்பது 1983இல் வெளியான ஆய்வில் உறுதியானது. பாம்பும் ஆமையும் ஒரே வீட்டில் இருந்தால் இந்த எச்சரிக்கை உயிர்காக்கும். மண்ணெண்ணெய், கொசு ஸ்பிரே, மாட்டு உண்ணிக்கான டெல்டாமெத்ரின், நாய்க்கான உண்ணிப்பொடி ஆகியவற்றையும் கைமதிப்பில் பயன்படுத்தக் கூடாது. ஊர்வனவற்றின் தோலும் நுரையீரலும் இவற்றை உறிஞ்சும். நடுக்கம் கண்டு, கவிழ்ந்தால் திரும்ப இயலாத நிலைக்குப் பாம்பு போகும். மருத்துவரை நாட, தென்மாவட்டத்தார்க்கு அருகில் உள்ள பெரிய மருத்துவ நிலையம் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி.

தமிழ்நாட்டில் பரவும் வழிகள்

வணிகமே முதல் வழி. 2023 ஜூலையில் கோலாலம்பூரில் இருந்து திருச்சி விமான நிலையம் வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் உயிரோடு பிடிபட்டன. மருத்துவச் சோதனையின்றி, ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக் கொண்டுவரப்படும் இத்தகைய விலங்குகளில் ஒன்றில் சிற்றுண்ணி இருந்தால், மற்றவற்றுக்கும் தாவ ஒரு பயணம் போதும். புதிதாக வரும் எந்த ஊர்வன விலங்கையும் மூன்று மாதம் வரை தனிமைப்படுத்துவதும், அதைக் கவனிக்கும் வேலையைக் கடைசியாகச் செய்வதும், கொக்கி, இடுக்கி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் தனியே வைப்பதும் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு.

பல பாம்புகளை ஒரே இடத்தில் வைக்கும் நிறுவனங்களுக்கு இந்த ஒழுங்கு இன்றியமையாதது. 1972இல் ராமுலஸ் விட்டேக்கர் நிறுவிய கிண்டி பாம்புப் பண்ணையும், 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் தமிழ்நாட்டில் அத்தகையவை. இருளர் சங்கத்தில், நஞ்சு எடுக்கப் பிடித்த பாம்புகள் வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில் சில வாரம் வைக்கப்பட்டு மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. பாம்பைத் தனித்தனியே வைப்பதும் குறுகிய காலத்தில் விடுவிப்பதும் ஒட்டுண்ணி பெருகாமல் இருக்கத் துணைசெய்யும் நடைமுறைகள்.

உண்ணியும் கொட்டலசும்

மணப்பாட்டுக்கு மேற்கே செம்மணல் தேரிக்காடு தொடங்குகிறது. அத்தகைய புதர்க்காட்டில் உடும்பின் அக்குளிலும் சாரைப்பாம்பின் செதில் இடுக்கிலும் காணப்படுவது சிற்றுண்ணி அன்று. ஆம்பிளியோமா ஜெர்வேசி என்ற உண்ணி. 1847இல் லூக்கா என்ற ஆய்வாளர் விவரித்த இது இந்தியாவிலும் இலங்கையிலும் ஊர்வனவற்றைப் பற்றும் இனம். வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவு பெரியது. காட்டில் திரியும் விலங்குக்குச் சில உண்ணிகள் இயல்பே. அவற்றைப் பிடுங்க வேண்டியதில்லை. மருத்துவ மீட்பில் உள்ள விலங்கானால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தீயோ மண்ணெண்ணெயோ வைக்கக் கூடாது.

கரையில் வலையோடு வரும் வலக்கடியன் முதலிய கடற்பாம்புகளின் மேலும், கடலாமை ஓட்டின் மேலும் ஒட்டியிருப்பவை கொட்டலசுகள் என்னும் கடலுயிரிகள். இவை இரத்தம் குடிப்பவை அல்ல. கடற்பாம்பு அடிக்கடி சட்டை உரித்து அவற்றைத் தானே கழற்றிக்கொள்ளும். கத்தியால் சுரண்டினால் தோலும் ஓடும் புண்ணாகும். கொடிய நஞ்சுள்ள கடற்பாம்பைக் கையால் தொடாமல் கடலில் விடுவதே இரு தரப்புக்கும் நன்மை.

சட்டம்

வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி நாட்டுப் பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை முதலியவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம். 2022ஆம் ஆண்டின் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அருகிவரும் உயிரினங்கள் பற்றிய பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தில் இடம்பெற்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவுசெய்ய வேண்டும். பதிவு பெற்றவர் கால்நடை மருத்துவரிடம் அச்சமின்றிப் போகலாம்; பதிவில்லாதவர் மறைக்கிறார், மறைக்கும் வீட்டில் சிற்றுண்ணி பெருகுகிறது. காட்டு விலங்கு காயமுற்றோ உண்ணி மொய்த்தோ கிடைத்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; வீட்டுக்கு எடுத்துச் சென்று வைத்தியம் பார்க்கக் கூடாது.