பம்பாயின் இரு தீக்களும் வணிகக் களமும் (1803, 1944)

மும்பையின் ஆண்டாப் ஹில் குன்றினை அடுத்துள்ள வடாலாவிலிருந்து தெற்கே பல்லார்ட் பையர் வரை துறைமுகக் கழகத்தின் இருப்புப்பாதை 1915இல் திறக்கப்பட்டது. கீழைக் கடலோரக் கப்பல்துறைகளையும் கிடங்குகளையும் ஒரே சரடாக இணைத்தது இப்பாதையே. இக்கடலோரத்தின் தென்பகுதியை 1944 ஏப்ரல் 14 அன்று அழித்த தீ, பொதுவாகப் போர்க்கால விபத்து என்றே பேசப்படுகிறது. நகரின் வணிக வரலாற்றோடு சேர்த்து நோக்கினால் அதன் பொருள் விரிவடைகிறது.

1803 பிப்ரவரி 17இல் பம்பாய்க் கோட்டைக்குள்ளிருந்த கடைவீதியில் பெருந்தீ மூண்டது. ஆயுதக் கிடங்கை நெருப்பு எட்டிவிடும் என அஞ்சிய அரசு, இடையிலிருந்த வீடுகளைப் பீரங்கியால் தகர்த்தது. எரிந்த கடைவீதியினர் பலர் மதிலுக்கு வெளியே குடியேற, மாண்ட்வி, மஸ்ஜித் பந்தர் பகுதிகளில் வணிகம் செழித்தது. 141 ஆண்டுகளுக்குப் பின் வந்த தீ தாக்கியதும் இவ்வணிகக் களத்தையே.

1803இல் தீயை வெடிமருந்திடம் நெருங்கவிடாமல் காத்தனர். 1944இலோ இரண்டையும் ஒரே கப்பலில் ஏற்றினர். இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டிலிருந்து ஏறத்தாழ 1400 டன் வெடிபொருளுடன் வந்த ஃபோர்ட் ஸ்டிகின், கராச்சியில் 8700 பஞ்சுப் பொதிகளையும் ஏற்றிக்கொண்டது. ஏப்ரல் 12இல் பம்பாய் வந்து விக்டோரியா கப்பல்துறையில் நின்ற அதில், ஆபத்தான சரக்கைக் குறிக்கும் செங்கொடி ஏற்றப்படவில்லை. 14ஆம் நாள் பிற்பகல் 2 மணியளவில் புகை காணப்பட்டது. கப்பலை மூழ்கடிக்கவோ கடலுக்கு இழுத்துச் செல்லவோ எவரும் ஆணையிடவில்லை. இரண்டு மணி நேரம் அவ்வாறே கழிந்தது. இதுவே மன்னிக்க இயலாத பகுதி எனலாம். மாலை 4.06க்கு முதல் வெடிப்பும் 4.34க்கு இரண்டாம் வெடிப்பும் நிகழ்ந்தன. சிம்லாவின் நிலநடுக்கப் பதிவுக் கருவியும் அதிர்வைப் பதிந்தது. தீயணைப்பு வீரர் 66 பேர் பணியிலேயே மாண்டனர். ஏப்ரல் 14 இன்றும் அவர்தம் நினைவாகத் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சிலப்பதிகாரத்தில் மதுரையை எரிக்கும் தீக்கு ஏவல் உண்டு. முதியோரையும் குழவியரையும் விலக்கித் தீத்திறத்தாரையே சேருமாறு அது பணிக்கப்படுகிறது. பம்பாய்த் தீக்கு அத்தகைய தெரிவு இல்லை. தவறியவர்கள் கோப்புகளுக்கு அப்பால் இருக்க, எரிந்தவை சுமைகூலிகளின் குடியிருப்புகளும் தானியக் கிடங்குகளுமே. வங்கப் பஞ்சத்திற்கு அடுத்த ஆண்டில் அத்தனை தானியம் கருகியது என்பது தனித்து எண்ணத்தக்கது.

செய்தியும் அடக்கப்பட்டது. ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி மறுநாளே விரிவாக அறிவித்திருக்க, பம்பாயிலிருந்து செய்தி அனுப்பத் தணிக்கையாளர் இசைந்தது மே இரண்டாம் வாரத்திலேயே. இத்தணிக்கையின் சுவடு எண்ணிக்கையிலும் தெரிகிறது. கப்பலிலிருந்த தங்கக் கட்டிகள் 124 எனத் துல்லியமாகப் பதிவாகியுள்ளன. அவற்றுட் சில பல பத்தாண்டுகள் கழித்தும் தூர்வாரும்போது மீட்கப்பட்டன. இறந்தோரோ 800 முதல் 1300 வரை என மதிப்பீடாகவே நிற்கின்றனர்.