பேரிளம்பெண்ணுக்கு அப்புறம்?

முகூர்த்த நாளாகப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் போய்ப் பாருங்கள். வரிசையாகக் கல்யாண மண்டபங்கள். அதில் ஒன்றிரண்டிலாவது 'பூப்புனித நீராட்டு விழா' என்று போர்டு இருக்கும். உள்ளே மேடையில் பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பெண், தூக்க முடியாத நகையும் ஜடையுமாக உட்கார்ந்திருப்பாள். தாய்மாமன் சீர்த்தட்டு வரிசை, மஞ்சள் தண்ணீர், ஆரத்தி, பந்தியில் முந்நூறு பேர்.

நீங்கள் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் நிற்கும் அம்மாவைப் பாருங்கள்.

முப்பத்து நான்கில் பிள்ளை பெற்றவள். இப்போது நாற்பத்தாறு, நாற்பத்தேழு. ஏ.சி. ஓடுகிற ஹாலில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். ஆறு மாசமாக ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மூன்று மாசம் வராமல் இருந்தது, நாலாவது மாசம் வெள்ளமாக வந்து நிற்கிறது. காரணமில்லாமல் கோபம், காரணமில்லாமல் அழுகை. ஒரே வீட்டில், ஒரே வருஷத்தில், ஒருத்திக்கு ஆரம்பம், இன்னொருத்திக்கு முடிவு. முதலாவதற்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டாயிற்று. இரண்டாவது, கட்டின புருஷனுக்கே தெரியாது!

தமிழின் வளத்தைப் பாருங்கள். ஆரம்பத்துக்குத்தான் எத்தனை சொற்கள்! பூப்பெய்தினாள், ருதுவானாள், வயசுக்கு வந்தாள், பெரியவளானாள், சமைந்தாள், திரண்டாள், உட்கார்ந்தாள்... ஜில்லாவுக்கு ஒன்று. முடிவுக்கு? 'நின்னுபோச்சு.' அவ்வளவுதான். மின்சார ரயில் பல்லாவரத்தில் நின்றாலும் அதே சொல்தான்.

புலவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? ராஜா வீதி உலா வருகிறார், பெண்கள் பார்த்து மயங்குகிறார்கள் என்று பாடுகிற உலா இலக்கியத்தில் பெண்ணுக்கு ஏழு பருவம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள் மேல் பாடிய மூவருலாவிலும் இந்த ஏழு பேர்தான் வரிசையாக வருவார்கள்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்கள் இவர்களுக்கு வயசுக் கணக்கும் கொடுக்கின்றன. நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். பரவலாகச் சொல்லப்படும் கணக்குப்படி பேதைக்கு ஐந்து முதல் ஏழு; கடைசியான பேரிளம்பெண்ணுக்கு முப்பத்திரண்டு முதல் நாற்பது. நாற்பத்தொன்றாம் வயசில் என்ன ஆகிறாள்? ஒன்றும் ஆகவில்லை. பாட்டு முடிந்துவிட்டது! ராஜாவைப் பார்த்து மயங்காத பெண்ணுக்குப் பெயர் எதற்கு என்று புலவர் நினைத்திருக்கலாம்.

வைத்தியர்கள் அப்படி விடவில்லை. சுஸ்ருத சம்ஹிதை, பன்னிரண்டில் தொடங்கி ஐம்பதில் உடல் முதிர்ந்து நின்றுவிடும் என்று கணக்காகச் சொல்லிவிட்டது. இன்றைக்கு நாம் வாயில் வைத்திருக்கும் 'மெனோபாஸ்' என்ற சொல் வயசில் அதைவிட ரொம்பச் சின்னது. 1821-ல் கார்தான் என்ற பிரெஞ்சு டாக்டர் கிரேக்கச் சொற்களைக் கோத்துச் செய்தது. மாதம், நிறுத்தம். அவ்வளவுதான் அர்த்தம்.

"அந்தக் காலத்துல யாரு அவ்ளோ வயசு வரைக்கும் இருந்தா?" என்று நீங்கள் கேட்கலாம். சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் முப்பத்திரண்டை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் அது சராசரி. பிறந்த கொஞ்ச நாளிலேயே போன குழந்தைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. குழந்தைப் பருவத்தையும் பிரசவங்களையும் தாண்டிப் பிழைத்தவள் அறுபது, எழுபது வரை இருந்திருக்கிறாள். இல்லாவிட்டால் நமக்கெல்லாம் கொள்ளுப்பாட்டி கதைகள் எங்கிருந்து வந்தன?

அவர்களிடம் ஒரு வசதி இருந்தது. வசதி என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்கு விலக்கு! மாதத்தில் மூன்று நாள் கொல்லைப்புறத்திலோ திண்ணை ஓரத்திலோ தனித் தட்டு, தனிப் பாயோடு உட்கார வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இல்லை. நாற்று நடப் போகிறவளுக்கு மூன்று நாள் உட்கார ஏது நேரம்? உட்கார வைக்கப்பட்டவளுக்கு அது அவமானம், குளிர், கொசு. நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதில் ஒரு பக்க விளைவு இருந்தது. எவள் எந்தத் தேதியில் விலகி உட்கார்கிறாள் என்பது வீட்டுக்கே தெரியும். ஒருத்தி ரெண்டு மாசம் உட்காரவில்லை என்றால் கர்ப்பமா என்று பார்ப்பார்கள். நாற்பத்தெட்டு வயசு மாமியார் ஒரு வருஷமாக உட்காரவில்லை என்றால் மருமகள்களுக்கு விஷயம் விளங்கிவிடும். யாரும் வாயைத் திறக்காமலேயே தெரிந்துவிடுகிற சங்கதி.

பிறகு ரயில் வந்தது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஏரியும் வயலுமாகக் கிடந்த பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பக்கமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மனை போட்டார்கள். தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளை என்று குடியேறின. இரண்டு ரூம், ஒரு கிச்சன். இதில் எங்கே விலகி உட்காருவது? உட்கார்ந்தால் யார் சமைப்பது? பெரிய சீர்திருத்தக் கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை, வீட்டின் பிளானே பல குடும்பங்களில் அந்தப் பழக்கத்தை முடித்துவைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் கூடவே அந்த மௌனத் தகவல்தொடர்பும் போய்விட்டது. பாட்டிக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியவும் இல்லை, சொல்லவும் இல்லை. நாம் அம்மாவின் பிள்ளைகள்.

இன்னொன்று. பத்துப் பிள்ளை பெற்ற பாட்டிக்கு வாழ்க்கையில் மாதவிடாய் வந்த மாதங்களே குறைவு. கர்ப்பம், தாய்ப்பால், மறுபடி கர்ப்பம். கடைசிப் பிள்ளை நாற்பதுக்கு மேல் பிறந்து பால் குடிக்கும்போதே அது அப்படியே நின்றும் போயிருக்கும். இரண்டோடு நிறுத்திக்கொண்ட பேத்திக்கு மாதா மாதம் தவறாமல் வருகிறது. அதனால் அது தடுமாறத் தொடங்கும்போது பளிச்சென்று தெரிகிறது. தெரிந்ததை யாரிடம் கேட்பது?

டாக்டரிடம் கேட்கலாம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1866-ல் வக்கீல் கணவரோடு மெட்ராஸுக்கு வந்த மேரி ஷார்லீப் என்ற இங்கிலீஷ்காரப் பெண்மணி, ஆண் டாக்டர் தொடக் கூடாது என்பதற்காகவே இங்கே பெண்கள் வீட்டுக்குள் கிடந்து சாவதைக் கேள்விப்பட்டார். தானே டாக்டராவது என்று முடிவு செய்தார். 1875-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். லண்டன் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பி வந்து, 1885-ல் பெண்களுக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமாக இருந்தார். இன்றைக்கும் திருவல்லிக்கேணியில் ஆட்டோக்காரரிடம் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால் கொண்டுபோய் விடுவார். அதேதான். ஊருக்குத் திரும்பிப் போன பிறகு, 1915-ல் ஷார்லீப் ஒரு புத்தகம் எழுதினார். பெண் வாழ்வின் கட்டங்களைப் பற்றியது. தலைப்பு என்ன தெரியுமா? 'பெண்ணின் ஏழு பருவங்கள்'! ஒட்டக்கூத்தரை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. ஷேக்ஸ்பியர் மனிதனுக்குச் சொன்ன ஏழு பருவம்தான் மனசில் இருந்திருக்கும்.

சொல்லாமல் இருப்பதன் விலை சமயத்தில் உயிராகவும் இருக்கிறது. அதே காலேஜில் 1912-ல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததை உடனிருந்து பார்த்தவர். அந்தத் துக்கம்தான் 1954-ல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டாக ஆரம்பமானது. அடையாறுக்கும் நம் விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்? தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வரவில்லை என்றால்தான் 'நின்றது' என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு துளி பட்டாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் பயப்படும்படி ஒன்றும் இருக்காது. ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் கொடுக்கும் முதல் தகவலும் அதுவாக இருக்கலாம். "இந்த வயசுல மறுபடி வந்துச்சுன்னா மருமக சிரிப்பாளே" என்று மறைத்து வைக்கிறவர்களை என்ன சொல்ல?

நிற்பதற்கு முன்னாலான சில வருஷத் தடுமாற்றத்துக்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47-லேயே நின்றுவிடுகிறது; மேற்கத்தியருக்கு 51. ஆக, இங்கே தடுமாற்றம் நாற்பதைத் தாண்டியதும் தலைகாட்டிவிடலாம். புலவர் பாட்டை முடித்த அதே இடம்!

அதிகப்படியான போக்குக்கு நம் சித்த மருத்துவத்தில் 'பெரும்பாடு' என்று ஒரு சொல் உண்டு. எவ்வளவு அனுபவித்தவள் வாயிலிருந்து வந்த சொல்லோ! 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டதும் நம் தாம்பரம் சானடோரியத்தில்தான். ஆனால் பெரும்பாடு என்று சொல்லத் தெரியாத தலைமுறை, வேறொரு சொல்லைக் கற்றுக்கொண்டிருக்கிறது: "எடுத்துடலாம்." 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில், பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயசுக்குள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு மூன்று பேர். பக்கத்து ஆந்திராவில் கிட்டத்தட்ட ஒன்பது! எடுத்தே ஆக வேண்டிய கேஸ்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், "எனக்கும் இப்படித்தான் ரெண்டு வருஷம் படுத்திச்சு, டாக்டரைப் பார்த்தேன், மருந்து மாத்திரையிலயே சரியாப் போச்சு" என்று சொல்ல ஒரு அத்தை இருந்திருந்தால், இதில் எத்தனை பேர் இரண்டாவது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்?

மாத்திரைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க டாக்டர், ஹார்மோன் சாப்பிட்டால் என்றென்றும் இளமை என்று புத்தகம் போட்டார், விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. 2002-ல் ஒரு பெரிய ஆய்வு, மார்பகப் புற்றுநோய் ஆபத்து அதிகம் என்று பாதியில் நிறுத்தப்பட, எல்லோரும் பயந்து தூக்கிப்போட்டார்கள். அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயசு 63 என்பதைப் பிறகுதான் நிதானமாகப் பார்த்தார்கள். அறுபதுக்குள், நின்று பத்து வருஷத்துக்குள், உடம்புக்கு ஏற்றவர்களுக்கு நன்மையே அதிகம் என்பது இப்போதைய கருத்து. அமிர்தமும் இல்லை, விஷமும் இல்லை. யாருக்கு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

இதெல்லாம் மனசைப் பொறுத்ததா, உடம்பைப் பொறுத்ததா? 1970-களில் மார்ஷா ஃப்ளின்ட் என்ற ஆராய்ச்சியாளர் ராஜஸ்தானிலும் ஹிமாசலிலும் 483 ராஜபுத்திரப் பெண்களைக் கேட்டார். மாதவிடாய் நின்றதைத் தவிரப் பெரிய தொந்தரவு எதையும் அவர்கள் சொல்லவில்லையாம். காரணமும் சொன்னார்: நின்ற பிறகு முக்காட்டிலிருந்து விடுதலை. அந்தப்புரத்தை விட்டுக் கீழே இறங்கி ஆண்களோடு உட்கார்ந்து பேசலாம். எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். வேற்று நாட்டுக்காரி வந்து கேட்டதும் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவார்களா என்ன? ஆனால் மீதிப் பாதி உண்மை என்பதற்கு நம் தெருவிலேயே சாட்சி இருக்கிறது. பத்து முதல் ஐம்பது வயசு வரை சபரிமலைக்குப் போகக் கூடாது என்ற வழக்கம், 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதன் பிறகு நடந்ததெல்லாம் வேறு கதை. ஐம்பது தாண்டி மாலை போட்டு 'மாளிகைப்புறம்' ஆகிற பாட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? ஊரறிய அவர் செய்யும் ஒரே அறிவிப்பு அதுதான். முகத்தில் ஒரு கம்பீரம் வேறு.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் காலேஜில் சேர்ந்த வருஷம், மார்கழிப் பனியில் அம்மா ஃபேனை ஐந்தில் வைப்பாள். நான் எழுந்து அணைப்பேன். மறுபடி போடுவாள். "பைத்தியமா உனக்கு?" என்றுகூடக் கத்தியிருக்கிறேன். போன மாசம் நானே நடுராத்திரி எழுந்து ஃபேன் ஸ்விட்சைத் தேடியபோதுதான் அது ஞாபகம் வந்தது. காலையில் காபியோடு போய்க் கேட்டேன்.

"உனக்கு எப்பம்மா நின்னுச்சு?"

எழுபத்தாறு வயசு அம்மா கூச்சப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. "ஃபேனுக்கு சண்டை போட்டியே, அந்த வருஷம்தான்."

"பாட்டிக்கு?"

"அவங்களுக்கு உன் சின்னச் சித்தப்பா பொறந்தப்புறம் வரவே இல்லை. பால் குடிக்கிறான், அதனாலன்னு நினைச்சுட்டு இருந்திருக்காங்க. அவன் ஸ்கூலுக்குப் போனப்புறம்தான் விஷயமே புரிஞ்சுதாம்." காபியை ஒரு வாய் குடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு எத்தனை மாசமா?"