உழவுக்கும் கோவிலுக்கும் ஒரே வண்டி

அழகர்கோவிலுக்குத் தெற்கே, கள்ளந்திரிக் கால்வாய்க்கு அருகில் ஒரு சிற்றூரில் நான் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். முன்னோர் விட்டுச் சென்ற சிறு மாந்தோப்பு ஒன்றும் உண்டு. 2016ஆம் ஆண்டில் பழைய பிக்கப் வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினேன். சரக்கு ஏற்றுவதற்கென்று செய்யப்பட்ட வண்டியை நான் காய்கறி வாங்கவும், மருத்துவரிடம் போகவும், தல்லாகுளத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்லவும் நாள்தோறும் ஓட்டி வருகிறேன். "கார் வாங்க வேண்டிய வயதில் வாத்தியார் லோடு வண்டி வாங்கிவிட்டாரே!" என்று நண்பர்கள் நகைத்தார்கள். அந்த நகைப்புக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வண்டியையே ஒரு சாசனமாகக் கருதிப் படிப்போம். கல்வெட்டைப் படிப்பவர் எழுத்தை மட்டுமா பார்க்கிறார்? கல்லையும் பார்க்கிறார், சிதைவையும் பார்க்கிறார். என் வண்டியின் பதிவுச் சான்று, அது 2009இல் செய்யப்பட்டது, திண்டுக்கல்லில் பதிவானது, நான் மூன்றாவது உரிமையாளன் என்று கூறுகிறது. கடன் கொடுத்தவர் பெயர் ஒரு காலத்தில் அதில் ஏறியிருந்து பின்னர் நீங்கியிருக்கிறது. இவ்வளவுதான் எழுத்துச் சான்று. மற்றவற்றை இரும்பு சொல்லுகிறது. பக்கவாட்டில் நீல வண்ணம் உரிந்த இடத்தில், அதற்குக் கீழே மஞ்சள் எழுத்தில் 'மலர்' என்ற சொல்லின் பாதி தெரிகிறது. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகையை விடியுமுன் மதுரைச் சந்தைக்குச் சுமந்திருக்க வேண்டும். சரக்குத் தொட்டியின் அடித்தகட்டில் வட்ட வட்டமாகத் துருக்கறை. இரண்டாம் உரிமையாளர் தண்ணீர்க் கேன் வியாபாரம் செய்தவர் என்று தரகர் சொன்னதற்கு அதுவே சாட்சி. பூவும் நீரும் சுமந்த வண்டி இப்போது மாங்காய்க் கூடையையும் என் மனைவியின் மருந்துச் சீட்டையும் சுமக்கிறது. மோட்டார் வரலாற்று நூல்கள் வண்டி பிறந்த ஆண்டையும் தொழிற்சாலையையும் கூறி நின்றுவிடுகின்றன. நம் நாட்டிலோ வண்டியின் வாழ்க்கை பெரும்பாலும் இரண்டாவது உரிமையாளரிடம்தான் தொடங்குகிறது.

ஒரே வண்டி சரக்குக்கும் வீட்டாருக்கும் பயன்படுவது புதுமையா என்றால், இல்லை. செல்வர் வீட்டில் வில் வண்டி தனியே நின்றிருக்கும். நடுத்தரக் குடியானவனுக்கு இருந்தது ஒரு பார வண்டி. திங்கட்கிழமை அதில் எரு போகும். அறுப்புக் காலத்தில் நெல் மூட்டை ஏறும். சித்திரைத் திருவிழா வந்தால் அதே வண்டியைக் கழுவி, மூங்கிலும் பாயும் கொண்டு செய்த கூண்டை மேலே பூட்டி, வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்தால் அது குடும்ப வண்டி ஆகிவிடும். பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். சமையற் பாத்திரங்கள் அடியில் தொங்கும். அழகர் மலையை விட்டு இறங்கி வைகைக்குச் செல்லும் நாட்களில் இந்தச் சாலை முழுதும் அத்தகைய வண்டிகளாகவே இருந்ததை நான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். இன்றும் சில ஊரார் வழக்கம் விடாமல் கூட்டு வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். இது சரக்கு வண்டி, இது ஆள் வண்டி என்ற பிரிவு மாட்டுக்கும் தெரியாது, குடியானவனுக்கும் தெரியாது.

அந்தப் பிரிவை மோட்டார்தான் கொண்டுவந்தது. மதுரையில் 1912ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார். பஸ்ஸுக்கு ஆள், லாரிக்கு மூட்டை என்று தொழில் இரண்டாகப் பிரிந்தது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அந்தப் பிரிவுக்கு நாடு முழுவதும் ஒரே வகையான சட்ட உருவம் கொடுத்தது. அதே ஆண்டில் உலக மகா யுத்தமும் மூண்டது. பெட்ரோல் பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. அய்யங்காரின் நிறுவனத்தார் கரியை எரித்து எழும் வாயுவால் வண்டியை ஓட்டும் சாதனத்தைச் செய்து விற்றனர். பஸ்ஸின் பின்புறம் அடுப்புப் போன்ற உருளை ஒன்று நிற்கும். புறப்படுமுன் விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனியச் செய்ய வேண்டும். மேட்டில் ஏற மறுத்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். சீட்டுக்குப் பணமும் கொடுத்து வண்டியையும் தள்ளிய காலம் அது என்று என் தந்தையார் சொல்லிச் சிரிப்பார்.

யுத்தம் 1945இல் முடிந்தது. அப்போது உலகில் என்றும் இல்லாத அளவில் பழைய வண்டிகள் மிஞ்சின. கனடா நாடு மட்டும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வண்டிகளைச் செய்திருந்தது. அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து செய்த ஜீப்புகள் ஆறு லட்சத்தைத் தாண்டும். இவற்றில் இந்தியாவுக்கு வந்து நின்றுவிட்டவற்றைச் சர்க்கார் உபரிச் சரக்காக விற்றது. 'டிஸ்போசல் வண்டி' என்று அவற்றுக்குப் பெயர். பச்சை வண்ணம் பூசிய அந்த வண்டியை வாங்கி, மேற்கூட்டைக் கழற்றி எறிந்து, தச்சரையும் கொல்லரையும் வைத்து மரத்தால் புதுக்கூடு கட்டி, ஒருவர் பஸ் ஆக்கினார். மற்றொருவர் லாரி ஆக்கினார். சண்டைக்குப் பிறந்த வண்டி சந்தைக்குப் போயிற்று. அடிச்சட்டத்தின்மேல் கூடு கட்டும் இந்தக் கைத்தொழில் தமிழ்நாட்டில் மறையவில்லை. பஸ்ஸுக்குக் கரூரும், லாரிக்கு நாமக்கல்லும் இன்றும் பெயர் பெற்ற ஊர்கள்.

பழைய வண்டி வாங்குவதில் உள்ள இடர் தனி மனிதனுக்கு மட்டும் உரியதன்று. 1948இல் காஷ்மீர்ப் போர் நடந்தபோது, இந்திய அரசுக்காக லண்டனில் இருந்த ஹைகமிஷனர் அலுவலகம் பழுது பார்த்த ஜீப்புகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. வந்து சேர்ந்தவை 155. அவை பயன்படக்கூடிய நிலையில் இல்லை என்று இராணுவத்தார் கூறிவிட்டனர். பாராளுமன்றத்தில் இதைப் பற்றிய சர்ச்சை பல ஆண்டு நடந்து, 1955இல்தான் அரசு அவ்விஷயத்தை முடித்துக்கொண்டது. முதல் மழையிலேயே என் வண்டியின் கதவு வழியாக நீர் ஒழுகியபோது இந்தச் செய்தியை நினைத்து ஓரளவு ஆறுதல் அடைந்தேன்.

இனி, பிக்கப் என்ற பெயருக்கு வருவோம். அமெரிக்க உழவர்கள் தங்கள் பழைய மோட்டார் காரின் பின்பாகத்தை அறுத்துவிட்டு, மரப்பெட்டி ஒன்றைப் பொருத்திப் பாலும் தானியமும் ஏற்றிச் சென்றார்கள். இதைக் கண்ட ஃபோர்டு நிறுவனம் 1925ஆம் ஆண்டில் தானே அப்பெட்டியைப் பொருத்தி, 281 டாலர் விலையில் விற்கத் தலைப்பட்டது. முதலாண்டில் ஏறத்தாழ 34,000 வண்டிகள் விற்றன. ஆகவே பிக்கப் வண்டி பழைய வண்டியின் மறுபிறப்பாகவே தோன்றியது. கூர்ந்து நோக்கினால், நம் பட்டறைத் தச்சரும் அந்த அமெரிக்க உழவரும் ஒரே தொழிலைத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1932ஆம் ஆண்டில் ஒரு குடியானவரின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாராம்: ஞாயிற்றுக்கிழமை மழையில் நனையாமல் மாதா கோவிலுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் உதவுகின்ற ஒரே வண்டி செய்து தரக்கூடாதா என்று. கார் ஒன்று, லாரி ஒன்று என இரண்டு வாங்கப் பணம் இல்லை. லூயிஸ் பான்ட் என்ற இளம் வரைவாளர் அதற்கேற்ற வண்டியை வரைந்தார். 1934இல் அது விற்பனைக்கு வந்தது. அந்த அம்மையாருக்கு நம் கூட்டு வண்டியைக் காட்டியிருந்தால், 'இதைத்தான் கேட்டேன்' என்றிருப்பார்!

அமெரிக்காவில் அதற்குப்பின் பிக்கப் பெருத்தது. முழு அளவுப் பிக்கப் என்று அவர்கள் சொல்வது நம் மாசி வீதியில் நுழைந்தால் திரும்பி வரமாட்டாது. அங்கே அது வீட்டு வண்டியாகவே ஆகிவிட்டது. அலுவலகம் செல்பவரும் அதில் செல்கிறார். இங்கே அவ்வாறு ஆகவில்லை. எண்ணெய் விலை ஒரு காரணம், தெருவின் அகலம் ஒரு காரணம். முக்கியமான காரணம் சட்டப் பகுப்பு. சொந்த மாங்காயை ஏற்றினாலும் அது சரக்கு வண்டியே. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துத்தான். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் அடங்கினால் பெர்மிட் வேண்டியதில்லை என்பது ஒரு சலுகை. ஓட்டுவதற்குக் காருக்குரிய உரிமமே போதும். 7,500 கிலோ வரை அது செல்லும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதி செய்தது. ஆனால் எட்டாண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். 2005இல் டாடாவின் சிறிய சரக்கு வண்டி வந்து, 'குட்டி யானை' என்று மக்கள் அதைச் செல்லமாக அழைக்கத் தொடங்கிய பிறகு ஊருக்கு ஊர் சிறு சரக்கு வண்டிகள் பெருகின. எனினும் அவையெல்லாம் வாடகைக்கு ஓடுபவையே. வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருப்பவன் என்னைப் போன்ற ஒருவன்.

நாள்தோறும் ஓட்டும் அனுபவம் எப்படி என்றால், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்சக்கரத்துக்கு மேலுள்ள கமான் பட்டை ஒரு டன்னுக்கு மேல் தாங்குவதற்கென்று அமைந்தது. வெறும் வண்டியில் அது வளைவதே இல்லை; ஆகையால் கடச்சனேந்தலில் ஒரு பள்ளம் என்றால் முதுகெலும்புக்கு அப்பன்திருப்பதி வரை நினைவிருக்கும். பட்டறைக்காரர் ஒருவர் சொன்ன யோசனைப்படி இரண்டு மணல் மூட்டைகளைப் பின்னால் கட்டிப் போட்டேன். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. வண்டிகளில் இது ஒரு விந்தை: சுமை ஏறினால்தான் இது சாதுவாக நடக்கும். டீசல் காரைவிடக் கூடுதலாகவே குடிக்கும். மாசி வீதியில் நிறுத்த இடம் கிடைக்காது. ஆயினும் மாங்காய்க் காலத்தில் மாட்டுத்தாவணிக்கு நானே சரக்கைக் கொண்டுபோய்விடுவேன். வாடகை வண்டிக்காரர் வரும்வரை கூடையோடு காத்திருக்க வேண்டியதில்லை. மாட்டுத்தாவணி என்ற பெயரே மாட்டுச் சந்தை என்று பொருள்படுவது. மாடு விற்ற இடத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு இதை நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஒரே ஒரு செய்தியில் மட்டும் இந்த வண்டி கூட்டு வண்டியாக முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், அழகர் மதுரைக்குப் புறப்படும் நாளில், பக்கத்து வீட்டு மூதாட்டி வந்தார்.

"வாத்தியாரய்யா, மூணுமாவடியில எதிர்சேவை பாக்கணும். பேரன் பேத்தியெல்லாம் வந்திருக்குதுங்க. உங்க வண்டி சும்மாதானே நிக்குது? பின்னால உக்காந்துக்கிறோம்" என்றார்.

"ஆத்தா, நீங்க முன்னால என்னோட உக்காருங்க. பிள்ளைகளைப் பின்னால ஏத்த மாட்டேன்" என்றேன்.

"அந்தக் காலத்துல உங்க அப்பா வண்டியில எங்க வீட்டுப் பிள்ளைகளெல்லாம் போகலையா?"

போனார்கள்தான். மறுக்க முடியவில்லை. ஆனால் மாட்டு வண்டி கவிழ்ந்தால் சிராய்ப்பு. மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் ஓடும் வண்டியின் திறந்த தொட்டியிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாம் செய்தித்தாளில் படித்து வருகிறோம். சட்டமும் அதைத் தடுக்கிறது. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இவற்றையெல்லாம் அவருக்கு நான் விளக்கினேன். வகுப்பில் விளக்குவது போலவே விளக்கினேன் என்று நினைக்கிறேன், அதுதான் பிழை. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அன்று மாலை பிள்ளைகளோடு பஸ்ஸில் நின்றுகொண்டே சென்றார். ஆடி மாதம் வரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மறு ஆண்டு சித்திரையில் ஒரு வாடகை வேனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, நானே போய் அழைத்தேன், வந்தார்.

வண்டிக்கு இப்போது பதினைந்து ஆண்டு கடந்துவிட்டது. 2021இல் மத்திய அரசு அறிவித்த பழைய வாகனக் கொள்கையை ஒட்டி, இவ்வயதுடைய வண்டிகளின் தகுதிச் சோதனைக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் மிகவும் உயர்ந்தது. கழிவு இரும்பாகக் கொடுத்துவிடலாம் என்கிறான் மருமகன். புகை குறையும், நாட்டுக்கு நல்லது என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தரகரோ, நான்காவது உரிமையாளர் ஒருவர் மேலூரில் காத்திருப்பதாகச் சொல்லுகிறார். நான் இன்னும் விடை சொல்லவில்லை. தொழுவத்தின் பரணில் என் தந்தையாருடைய வண்டிக் கூண்டு இன்றும் கிடக்கிறது, மூங்கில் செல்லரித்துவிட்டது. போன வாரம் அளவெடுத்துப் பார்த்தேன். பிக்கப்பின் தொட்டிக்கு அது அரையடி குறைகிறது.