அழுத்தக் கலன்களின் இயங்குதகுதி மதிப்பீடு

நீராவியையோ வளிமத்தையோ மிகுந்த அழுத்தத்தில் அடக்கிவைக்கும் கொதிகலன், வினைகலன், குழாய் முதலியவை பல்லாண்டு உழைப்பால் தேய்ந்தோ, விரிசல் கண்டோ, தீயில் வெந்தோ போன பின்னும் தொடர்ந்து இயங்கத் தக்கனவா என்பதை அளந்தும் கணக்கிட்டும் முடிவு செய்யும் பொறியியல் முறை இயங்குதகுதி மதிப்பீடு எனப்படும். வடிவமைப்பு விதிகள் புதிய தகட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஆண்டுக்கணக்கில் ஓடிய கலனில் ஏதேனும் ஒரு குறை இல்லாமல் இராது. ஆகவே, இருக்கின்ற குறையோடு கலன் எவ்வளவு அழுத்தத்தை எத்தனை காலம் தாங்கும் என்பதே இம்முறை விடை காண முயலும் கேள்வி.

19ஆம் நூற்றாண்டில் கொதிகலனைச் சோதிப்பவரிடம் இருந்த கருவிகள் விளக்கும் சுத்தியலுமே. அணைத்து ஆறவைத்த கலனுக்குள் ஆள்நுழை துளை வழியே ஊர்ந்து சென்று அவர் தகட்டைத் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் தகடு நலம், மந்தமாக ஒலித்தால் அங்கே மெலிவோ பிளவோ உண்டு என்று கொள்வார். இத்தகைய சோதனையை முறைப்படுத்த இங்கிலாந்தில் மான்செஸ்டர் நீராவிப் பயனர் சங்கம் 1854இல் தோன்றியது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றில் ஓடிய சுல்தானா என்னும் நீராவிக் கப்பலின் கொதிகலனில் விக்ஸ்பர்க் துறையில் தகடு புடைத்திருந்தது. முழுப் பழுதுபார்ப்புக்குக் காத்திராமல், மூலத் தகட்டைவிட மெல்லிய ஒட்டு ஒன்றை அடித்துக் கப்பலைச் செலுத்தினர். 376 பேருக்கே உரிமம் பெற்ற அக்கப்பல், விடுதலையான போர்க்கைதிகள் உள்ளிட்ட 2,000க்கும் மேற்பட்டோருடன் சென்று 1865 ஏப்ரல் 27 அதிகாலையில் மெம்ஃபிஸ் நகருக்கு அருகே வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டே ஹார்ட்ஃபோர்டில் கொதிகலன் ஆய்வையும் காப்பீட்டையும் ஒருசேர நடத்தும் நிறுவனம் தொடங்கப்பட்டது.

சுத்தியலின் எல்லையைக் காட்டியது மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிராக்டன் நகரின் காலணித் தொழிற்சாலை விபத்து. புதிய கொதிகலன் பராமரிப்பில் இருந்ததால் பழையதை மூட்டிய 1905 மார்ச் 20 அன்று அது கூரையைப் பிளந்துகொண்டு பறந்தது. 58 பேர் இறந்தனர். அக்காலத்தில் தகட்டின் ஒரு விளிம்பை மறு விளிம்பின்மேல் ஏற்றி ரிவெட் அடித்து உருளையாக்கினர். அப்படி ஏற்றிய இடத்தில் உருளை முழு வட்டமாக அமையாது. ஒவ்வொரு முறை அழுத்தம் ஏறி இறங்கும்போதும் அவ்விடம் சற்றே வளைந்து நிமிரும். அதனால் உண்டாகும் விரிசல் மேல்தகட்டுக்கு அடியில், கண்ணுக்கும் சுத்தியலுக்கும் எட்டாமல் வளரும். இவ்விபத்தின் விளைவாக 1907இல் மாசசூசெட்ஸ் சட்டமும், சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கொதிகலன் விதித்தொகுப்பும் பிறந்தன.

இந்தியாவில் 1863இல் கல்கத்தாவில் நேர்ந்த வெடிப்பை அடுத்து 1864இல் வங்காளத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. மாகாணந்தோறும் வேறுபட்டிருந்த விதிகளை 1923ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாக்கியது.

கணக்கீட்டு முறைக்கு அடித்தளமிட்டது முறிவு இயக்கவியல். குறிப்பிட்ட நீள விரிசல் எந்தத் தகைவில் பாயும் என்பதைக் கண்ணாடியை ஆராய்ந்து 1920இல் கிரிஃபித் விளக்கினார். 1966இல் ஸ்காட்லாந்தின் காக்கென்சி மின்நிலையத்துக்கெனச் செய்த கொதிகலன் உருளை நீரழுத்தச் சோதனையிலேயே பிளந்தது. உற்பத்தியின்போதே விழுந்து ஒருவர் கண்ணிலும் படாத, ஓர் அடிக்கும் மேல் நீளமுள்ள விரிசலே காரணம். பிரிட்டிஷ் மின்வாரியம் 1976இல் வெளியிட்ட ஆர்-6 முறையும், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2000இல் வெளியிட்டு 2007இல் இயந்திரப் பொறியாளர் சங்கத்துடன் இணைந்து திருத்திய 579ஆம் எண் தரநூலும் இவ்வழியில் வந்தவை. பின்னது அரிப்பு, குழிவு, விரிசல், தீச்சேதம், ஊர்வு எனச் சேதவகைக்கு ஒரு பகுதியாக அமைந்து, எளிய அட்டவணை முதல் கணினிப் பகுப்பாய்வு வரை மூன்று நிலைகளில் மதிப்பிடுகிறது.

தகடு மெலிவு ஓர் எடுத்துக்காட்டு. 1,000 மி.மீ. அக ஆரமும் 1.5 மெகாபாஸ்கல் அழுத்தமும் உடைய உருளைக்கு, உலோகத்தின் அனுமதித் தகைவு 138 மெகாபாஸ்கல் எனில், முழு வலிமையுள்ள இணைப்போடு 10.9 மி.மீ. தடிமன் வேண்டும். 16 மி.மீ. தகட்டில் கட்டிய அக்கலனில் 12 ஆண்டுகளுக்குப் பின் மீயொலி அளவி 12.4 மி.மீ. காட்டினால், தேய்வு ஆண்டுக்கு 0.3 மி.மீ.; எஞ்சிய 1.5 மி.மீ. ஐந்தாண்டுக்கு வரும். ஆனால் எஞ்சிய ஆயுளின் பாதிக்குள், அதாவது இரண்டரை ஆண்டுக்குள், மீண்டும் உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை விதி. ஒரே இடத்தில் அளந்த தடிமனை வைத்து முழுக் கலனுக்கும் ஆயுள் சொல்வது ஏற்கத் தக்கதன்று. நீர் தேங்கும் அடிப்பகுதியும் முனைக்குழாய்ச் சந்தும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும்.

உயர் வெப்பத்தில் இயங்கும் குழாய்களில் தடிமன் குறையாமலே உலோகம் மெல்ல நீண்டு தளர்வது ஊர்வு எனப்படும். இதைக் காண, குழாயின் மேல் ஒரு சிறு இடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அமிலத்தால் அரித்து, நனைத்து இளக்கிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி உரித்தெடுக்கின்றனர். அதில் பதிந்த உலோகத் துகள்களின் எல்லையில் நுண்துளைகள் தனித்திருந்தால் காலம் உண்டு, வரிசையாகக் கோத்திருந்தால் மாற்றும் வேளை நெருங்கிவிட்டது. இந்தியக் கொதிகலன் விதிகள் 25 ஆண்டு கடந்த கலன்களுக்கு எஞ்சிய ஆயுள் ஆய்வைக் கட்டாயமாக்கியுள்ளன. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தற்போது கொதிகலன்கள் சட்டம், 2025 நடைமுறையில் உள்ளது.