கண்காணியும் கங்காணியும்

மலாயாத் தோட்டப்புற வாழ்வை அறிந்த குடும்பங்களில் 'கங்காணி' என்னும் சொல் இன்னும் உயிரோடிருக்கிறது. முதியோர் வாயில் அது அச்சத்தோடும் சில வேளை ஏளனத்தோடும் வரும். அச்சொல்லுக்கு ஆயிரம் ஆண்டு வயது என்றும், சோழர் காலக் கோயிற் சுவர்களில் மதிப்புக்குரிய ஒரு பணியின் பெயராக அது வெட்டப்பட்டிருக்கிறது என்றும் கூறினால் மாணவர் பலர் வியப்பர். பொதுவுடைமையைப் பார்வையிடவும் கணக்கை ஆராயவும் அமர்த்தப்பட்டோரின் வரலாற்றை இச்சொல்லின் வழியே நாம் காணவிருக்கிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கண், காண் என்னும் இரண்டும் சேர்ந்து 'கண்காணி' ஆயிற்று. ணகர மெய்யை அடுத்துக் ககரம் வரும்போது, பேச்சு வழக்கில் அந்த மெய் ககரத்துக்கு இனமான ஙகரமாகத் திரிவது இயல்பு. 'கங்காணி' அவ்வாறு பிறந்த வடிவமே. வேறு சொல் அன்று. கல்வெட்டுகளில் சிவன் கோயில்களில் 'மாகேசுவரக் கண்காணி செய்வார்', திருமால் கோயில்களில் 'ஸ்ரீவைஷ்ணவக் கண்காணி செய்வார்' என்போர் வருகின்றனர். கோயில் நிருவாகத்துக்கு 'ஸ்ரீகாரியம்' என்று பெயர். அதனைச் 'செய்வார்' ஒருவர். அதனைக் 'கண்காணி செய்வார்' மற்றொருவர். செய்பவரும் பார்ப்பவரும் ஒருவராக இருத்தல் ஆகாது என்னும் கருத்து இவ்வழக்கில் அடங்கியிருக்கிறது.

'ஆராய்ச்சி' என்னும் சொல்லும் இவ்வகையினதே. இன்று முனைவர் பட்டத்துக்கு உழைப்போர் செய்வதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. சோழர் காலத்திலோ 'ஸ்ரீகாரிய ஆராய்ச்சி' என்றால் கோயில் நிருவாகத்தைத் துருவி விசாரிப்பது. நிலம் எவ்வளவு, விளைவு எவ்வளவு, விளக்கு எரிந்ததா, நெய் வந்ததா என்று கேட்பதே அந்த ஆராய்ச்சி. இலங்கையில் ஊர்த் தலைமைப் பதவியைக் குறித்த 'ஆராச்சி' என்பதையும் இதன் திரிபாகவே அறிஞர் கொள்வர். ஆய்வு மாணவர்களுக்கு இடையீடாக ஒன்று சொல்லலாம்: நீங்கள் சுமக்கும் பெயர் நூலகத்திலிருந்து வந்ததன்று, கணக்கறையிலிருந்து வந்தது.

பார்வையிடுவோர் எதைக் கொண்டு பார்வையிட்டனர் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. தானும் தன் தமக்கை குந்தவையும் தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டுமாறு முதலாம் இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். அங்குள்ள பட்டியல்களைப் படிப்பது சலிப்பூட்டும் வேலை என்று பலர் கருதுவர். நமக்கு அவ்வாறு தோன்றியதில்லை. ஓர் அணிகலனை நிறுக்கும்போது, நூல், அரக்கு போன்றவை நிறையில் சேர்ந்தனவா நீங்கினவா என்பதையும் குறித்திருக்கின்றனர். முத்துகளை எண்ணிக்கையோடு விடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வடிவும் குறையும் ஒளியும் பிரித்து எழுதப்பட்டுள்ளன. செப்புத் திருமேனிகளுக்கு அடிமுதல் முடிவரை உயரம் விரற்கணக்கில் தரப்பட்டுள்ளது. நிறுத்த கல்லுக்கும் அளந்த மரக்காலுக்குங்கூட 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரே இடப்பட்டது.

இத்தனை நுணுக்கம் எதற்காக? நல்ல முத்தை எடுத்துக்கொண்டு அவ்விடத்தில் கறட்டு முத்தை வைத்தால் எண்ணிக்கை மாறாது. தரத்தை எழுதி வைத்திருந்தால்தான் மாற்றியது புலப்படும். நூறாண்டு கழித்து வரும் அறிமுகமில்லாத ஒருவரும் சுவரையும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். பட்டியலை எழுதியோர் அந்த வருங்காலக் கண்காணியை மனத்தில் வைத்தே எழுதினர் என்பது நம் கருத்து.

ஆடுமாடு விஷயத்தில் அவர்கள் செய்த ஏற்பாடு இன்னும் சுவையானது. கோயிலில் ஒரு விளக்கு நாள்தோறும் எரிய 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. பசுவானால் 48, எருமையானால் 16. இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும்; மூப்படையும். ஆனால் கணக்கில் சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. குட்டிகளைக் கொண்டு இடையர் எண்ணிக்கையை நிரப்பிக்கொள்வார் என்பது உடன்பாடு. எனவே ஆய்வுக்கு வருபவர் மந்தையைத் தேடி மேய்ச்சல் நிலத்துக்கு நடக்க வேண்டியதில்லை. உழக்கு நிறைகிறதா என்று பார்த்தால் போதும். நோய் வந்து மந்தை அழிந்தால் இழப்பு இடையருடையது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோயிலுக்கு எளிதாக இருந்தது அவருக்குக் கடினமாக இருந்தது.

நிலத்தின் கதையும் இத்தகையதே. இராசராசன் காலத்தில், 1000ஆம் ஆண்டையொட்டி, சோழநாட்டு நிலங்கள் அளக்கப்பட்டன. அப்பணிக்குத் தலைமை தாங்கிய சேனாபதி 'உலகளந்தான்' என்னும் சிறப்புப் பெயர் பெற்றார். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086இல் மீண்டும் நிலம் அளந்தனர். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலவுடைமையைக் கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' ஏட்டில் பதிவித்ததும் அதே ஆண்டில்தான். சோழர் அளவையில் ஒரு வேலியில் 320இல் ஒரு பங்கு முந்திரி. அந்த முந்திரியில் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. பிற்காலத் தஞ்சை வழக்கின்படி வேலியை ஏறத்தாழ 6.6 ஏக்கர் என்று கொண்டால், கீழ்முந்திரி மூன்று சதுர அடிக்கும் குறைவு. ஒருவர் கால் பரப்பி நிற்கும் இடத்துக்கும் கணக்கு இருந்தது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, சேரிகள் ஆகியவை அளந்து கழிக்கப்பட்ட பின்னரே வரி நிலம் குறிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் பதிந்து காத்தது 'புரவுவரித் திணைக்களம்'. அரசு அலுவலகத்தைத் திணைக்களம் என்று அழைக்கும் வழக்கம் இன்றும் இலங்கைத் தமிழரிடம் உள்ளது.

ஆராய்வோர் தகுதி பற்றியும் கணக்குக் கொடுப்போர் கடமை பற்றியும் கல்வெட்டுகள் வாய்மூடி இருக்கவில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காகப் பாடநூல்கள் அவற்றைப் போற்றுகின்றன. அவற்றில் நம்மை மிகவும் ஈர்ப்பது வேறொரு விதி. வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது. அவர் மட்டுமன்று, சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என உறவினர் பட்டியலே நீள்கிறது. ஒருவர் கணக்கு மறைத்தால் உறவு முழுவதும் வாய்ப்பிழக்கும் என்றால், வீட்டாரே அவருக்குக் கண்காணி ஆகிவிடுவர். தஞ்சைக் கோயிலின் பண்டாரிகளையும் கணக்கரையும் பல ஊர்ச் சபைகள் அனுப்ப வேண்டியிருந்தது. பண்டாரியாக வருபவர் நிலமோ உறவோ பொருளோ உடையவராக இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. பொருள் குறைந்தால் யாரைப் பிடிப்பது என்று முன்கூட்டியே எண்ணியிருக்கின்றனர்.

இக்காட்சியை வைத்துச் சோழர் காலத்தைப் பொற்காலமாக்கிவிடுவது எளிது. அதற்கு நாம் உடன்படுவதில்லை. நிலத்தை அளந்ததன் முதல் நோக்கம் வரி. இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று உக்கல் என்னும் ஊர்க் கல்வெட்டில் உள்ளது. ஊராரோடு சேர்ந்து இரண்டாண்டு வரி செலுத்தாதோர் நிலத்தை ஊரார் விற்றுவிடலாம் என்பது அதன் சாரம். தஞ்சைப் பட்டியல்களில் முத்துக்கும் விளக்குக்கும் அருகே 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் உள்ளன. எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை குறித்து, ஆளுக்கு ஒரு பங்கு என்று எழுதியுள்ளனர். அப்பங்கு 100 கலம் நெல்லுக்கு உரியது. வருவாய் என்ற அளவில் உறுதியானது. எனினும் பட்டியலில் இருப்போர் கண்காணியின் பார்வைக்கு உரியோரே. கண்காணியிடம் கேள்வி கேட்கும் இடம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இனி மலாயாவுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் திரட்டிய முறைக்குக் கங்காணி முறை என்று பெயர். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் உரிமம் பெற்றுத் தம் ஊருக்குச் செல்வார். உற்றாரையும் ஊராரையும் அழைத்து, ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாம் வழியாகக் கப்பலேற்றிக் கொண்டுவருவார். பிறகு அவர்களையே மேய்ப்பார். விடியலில் பெரட்டுக்கு எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணுவது அவர் வேலை. வந்த தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு உண்டு.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கல்வெட்டுக் கண்காணி பார்த்தது கோயிலின் பொன்னையும் நெல்லையும் அவற்றைச் செலவிட்டோரையும். தோட்டத்துக் கங்காணி பார்த்தது உழைப்போரின் உடலை. எண்ணுவதற்கே கூலி என்று ஆனபின், காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பிப் பெரட்டில் நிறுத்துவது அவருக்கு ஆதாயமாயிற்று. அவர் எண்ணிய எண் சுவரில் வெட்டப்படவில்லை. தோட்ட அலுவலகத்தின் பதிவேட்டில், தொழிலாளர் பலர் படிக்க இயலாத மொழியில் ஏறியது. எல்லாக் கங்காணிகளும் கொடியோர் என்று நாம் கூறவில்லை. திருமணத்தையும் திருவிழாவையும் முன்னின்று நடத்தி, துரையிடம் தம் மக்களுக்காகப் பேசியவர்களும் இருந்தனர். ஆனால் நல்லவராக இருப்பது அவரவர் மனத்தைப் பொறுத்ததாக இருந்தது. உத்தரமேரூர் விதியைப்போல் அவரைக் கட்டும் கயிறு தொழிலாளர் கையில் இல்லை.

வெளியிலிருந்து பார்க்கும் கண் ஒன்று தேவை என்பது மெல்ல உணரப்பட்டது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தை அடுத்து, இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்த்தப்பட்டார். தோட்டங்களுக்குச் சென்று லயன் வீடுகளையும் கூலியையும் பார்வையிட்டு அறிக்கை எழுதுவது அப்பதவியின் கடமைகளுள் அடங்கியது. அந்த அறிக்கைகள் அச்சேறின. யாரும் எடுத்துப் படிக்கலாம் என்ற அளவில் அவை தஞ்சைச் சுவருக்கு நெருங்கிய உறவு. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்புவதை நிறுத்தியதோடு, கங்காணி ஆள் திரட்டும் காலம் முடிந்தது. வேலைத்தலைவரைக் குறிக்கப் போர்த்துக்கீசிய மூலமுடைய 'மண்டோர்' என்னும் சொல்லும் இங்கே வழக்கில் உண்டு.

மூல வடிவம் மட்டும் எழுத்துத் தமிழில் களங்கப்படாமல் தங்கிவிட்டது. தேர்வு மண்டபத்தில் நிற்கும் ஆசிரியரைத் 'தேர்வுக் கண்காணிப்பாளர்' என்கிறோம். அவரும் அப்பெயரை முகம் சுளிக்காமல் ஏற்கிறார். அவரையே 'தேர்வுக் கங்காணி' என்று மாணவர் ஒருவர் எழுதினால் இலக்கணப்படி அதில் பெரும்பிழை இல்லை. ஆயினும் எந்த ஆசிரியரும் அதனைத் திருத்தாமல் விடமாட்டார்.