ஊருக்கு வரும்போது ட்ரோன் கொண்டு வரலாமா?

டிசம்பர் லீவு நெருங்கினால் போதும், சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சொந்தக்காரப் பிள்ளைகள் ஒரே கேள்வியோடு போன் பண்ணுகிறார்கள். "சித்தப்பா, ட்ரோன் எடுத்துட்டு வரட்டுமா? மைசூர் அரண்மனைய மேலேருந்து எடுக்கலாம். அப்படியே நம்ம ஊர்க் கோயில் கோபுரத்தையும் எடுத்துடலாம்."

நான் நாகர்கோவில்காரன். பிழைப்பு மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "வேண்டாம்ப்பா." ஏன் என்று ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். இது அரசாங்கம் நேற்று கண்டுபிடித்த தொல்லை இல்லைங்க, கிட்டத்தட்ட நூறு வருஷக் கதை.

1919-ல் பாரிஸில் நாடுகள் கூடி ஒரு ஒப்பந்தம் போட்டன. ஒரு நாட்டின் மண்ணுக்கு மேலே இருக்கும் வானமும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்பதுதான் அதன் அடிப்படை. 1929-ல் அதைத் திருத்தியபோது, விமானி இல்லாத விமானம் இன்னொரு நாட்டின் மேல் பறக்கத் தனி அனுமதி வேண்டும் என்று சேர்த்தார்கள். ட்ரோன் என்ற பொம்மையே இல்லாத காலம் அது! 1944 சிகாகோ ஒப்பந்தத்தில் இதுவே 8-வது பிரிவு ஆனது. இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. அதே ஒப்பந்தத்தின் 36-வது பிரிவு, தன் மண்ணுக்கு மேலே விமானத்தில் கேமரா பயன்படுத்துவதைத் தடுக்க ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை தருகிறது. வெள்ளைக்காரன் காலத்து 1937 விமான விதிகளிலும், பறக்கும் விமானத்திலிருந்து அனுமதி இல்லாமல் படம் எடுக்கக்கூடாது என்று இருந்தது.

ஒப்பந்தம் நாடுகளுக்கு இடையில்தான். சுற்றுலா போகிறவரைப் பிடிப்பது அந்தந்த நாட்டுச் சட்டம். ஆனால் அந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருப்பது இந்தப் பழைய பயம்தான்: ஆள் இல்லாமல் பறப்பது, மேலேயிருந்து படம் பிடிப்பது. ரெண்டும் ஒரே டப்பாவில் வந்தால் கேட்கவா வேண்டும்?

இந்த நூற்றாண்டில் ட்ரோன் மலிவானதும் சம்பவங்கள் வரிசைகட்டின. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், ஒரு டச்சுப் பயணியின் ட்ரோன் புகழ்பெற்ற வெந்நீர் ஊற்றுக்குள் விழுந்தது. தேசியப் பூங்காக்களில் ட்ரோனுக்குத் தடை வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. 2015 ஏப்ரலில் ஜப்பான் பிரதமர் அலுவலக மாடியில் கதிரியக்க மண்ணோடு ஒரு ட்ரோன் கிடந்தது. அந்த வருஷக் கடைசியிலேயே அங்கே சட்டம் மாறியது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு இலங்கை ட்ரோன் பறப்பதையே நிறுத்தி வைத்தது. அதே ஜூனில் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் ட்ரோன்களால் விமானங்கள் தாமதமாயின. 2020-லிருந்து அங்கே 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்வது கட்டாயம்.

இந்த 250 கிராம் பல பேரை ஏமாற்றும் கணக்கு. ட்ரோன் தலையில் விழுந்தால் உயிர் போக எவ்வளவு வாய்ப்பு என்று 2015-ல் அமெரிக்கக் குழு ஒன்று கணக்குப் போட்டுச் சொன்ன எல்லை அது. அதனால்தான் 249 கிராம் ட்ரோன்கள் சந்தைக்கு வந்தன. ஜப்பானில் அப்போது எல்லை 200 கிராம் என்பதால் அங்கே மட்டும் 199 கிராமில் விற்றார்கள். 2022 ஜூனில் அந்த எல்லையும் 100 கிராம் ஆகிவிட்டது. ஆக, ஒரு நாட்டில் "சின்ன ட்ரோன்தானே" என்பது அடுத்த நாட்டில் செல்லாது.

இனி நம்ம கதை. 2014 மே மாதம் மும்பையில் ஒரு கடைக்காரர் ட்ரோனில் பீட்சா அனுப்பிக் காட்டினார். போலீஸ் விசாரித்தது. அக்டோபர் 7-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தனியார் ட்ரோனுக்கே தடை போட்டது. 2016-ல் சுங்கப் படிவத்தில் ட்ரோனும் ஏறியது. 2018 டிசம்பரில் விதிகளோடு கதவு திறந்தது, ஆனால் வெளிநாட்டவர் பறக்கவிட முடியாது என்றார்கள். 2021 ஆகஸ்டு விதிகள் ரொம்பவே தாராளம். 25 படிவங்கள் 5 ஆகச் சுருங்கின. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். எல்லோருக்கும் சந்தோஷம்!

ஆனால் 2022 பிப்ரவரி 9-ல் ட்ரோன் இறக்குமதிக்கே தடை வந்துவிட்டது. முழுசாகவும் கூடாது, பிரித்துக் கொண்டு வந்து பூட்டுவதும் கூடாது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைக்கு மட்டும் விலக்கு, அதற்கும் முன் அனுமதி வேண்டும். உள்நாட்டில் தயாரிப்பை வளர்ப்பதுதான் நோக்கம். ஆனால் பெட்டியில் ட்ரோனோடு இறங்கும் நம்ம பிள்ளையும் இதில்தான் மாட்டுகிறான். விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் பதிவு செய்த சீட்டைக் காட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

"நம்ம ஊர்தானே" என்ற நினைப்பைத்தான் மாற்றிக்கொள்ளணும். ஹெப்பாளையே பாருங்க. பக்கத்து மேட்டகள்ளியில் ரூபாய் நோட்டு அச்சடிக்கும் ஆலை. கொஞ்சம் தள்ளி யெல்வால் பக்கம் அணுசக்தித் துறை ஆலை. தெற்கே மண்டகள்ளியில் விமான நிலையம். மேலே போன ட்ரோனுக்கு அரண்மனை எது, ஆலை எது என்று தெரியாது. அதே மைசூர் வானத்தில் 2024 தசராவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ட்ரோன்கள் வெளிச்சக்கோலம் போட்டன. ஆக, பிரச்சனை ட்ரோனில் இல்லை, அனுமதியில்.

அதனால் கிளம்புமுன் மூணு விஷயம் பாருங்க. போகிற நாட்டுக்குள் ட்ரோனைக் கொண்டு போகலாமா? வெளிநாட்டவர் பதிவு செய்ய வழி உண்டா? எடுக்கப்போகும் இடம் எந்த மண்டலம்? முதல் கேள்விக்கே "கூடாது" என்றால் மற்ற ரெண்டும் வேண்டாம். வழியில் இறங்கும் நாட்டையும் மறக்காதீங்க. மொரோக்கோ, எகிப்து மாதிரி இடங்களில் கொண்டு வருவதே குற்றம்.

கோபுரத்தை மேலேயிருந்துதான் எடுக்கணும் என்றால், இங்கே பதிவு பெற்ற ட்ரோனும் சான்றிதழும் வைத்திருக்கும் உள்ளூர்ப் பையன்கள் இருக்கிறார்கள். தொல்லியல் துறைக் கோயிலாக இருந்தால் அந்தத் துறையின் அனுமதியும் வாங்கணும். செலவு கொஞ்சம் ஆகும். ஆனால் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும் மூணு வார லீவில் ஒரு நாளைச் சுங்க அறையில் கழிப்பதைவிட அது மலிவு. அந்த நாளில் பாட்டி கூட உட்கார்ந்து பேசலாம்.